தாமதத்துக்கான காரணம்

எட்டு ஐம்பத்திரண்டு என்று வாட்ச்மேன் சேவியர் எழுதியது பச்சைப் பொய். எட்டு ஐம்பதுதான். அனுசூயாவின் கைக்கடிகாரம் ஒரு நிமிஷம் முந்தி ஓடுமே தவிரப் பிந்தி ஓடாது, ஆனால் அதற்காக அந்த மனுஷனோடு மல்லுக்கு நின்று என்ன ஆகப்போகிறது, எட்டே முக்காலுக்குச் சாத்திய கேட் சாத்தியதுதான், ஐந்து நிமிஷமானாலும் ஏழு நிமிஷமானாலும் அந்த நீள நோட்டில் பெயர் ஏறுவது ஏறியதுதான். மாணவர் பெயர், வகுப்பு, வந்த நேரம், தாமதத்துக்கான காரணம், பெற்றோர் கையெழுத்து. காரணம் எழுதுகிற கட்டம் ஒரு தீப்பெட்டி அகலம்கூட இல்லை. அந்தத் தீப்பெட்டிக்குள் அவள் இந்த டேர்மில் நாலு தடவை டிராஃபிக்கை அடைத்தாயிற்று, மூன்று தடவை வண்டி பஞ்சர், இரண்டு தடவை வயிற்று வலி, யாருக்கு வயிற்று வலி என்று எழுத இடமில்லாததும் நல்லதுக்குத்தான். அவளுக்கு முன்னால் எழுதிய புண்ணியவான் தனக்கும் மேலே இருந்தவரின் 'டிராஃபிக்'குக்குக் கீழே இரண்டு கோடு மட்டும் இழுத்துவிட்டுப் போயிருந்தான், பொய் சொல்லக்கூடச் சோம்பல். அவளும் இரண்டு கோடு இழுத்தாள். இது பத்தாவது. "ஸ்லிப்பக் குடுங்க சேவியர், பிள்ளை கிளாசுக்குப் போகணும்." "ஸ்லிப்பு இல்லம்மா இன்னிக்கு. பத்து ஆயிருச்சுல்ல. பாப்பா லைன்ல நிக்கட்டும், நீங்க ஆபீஸ் பக்கம் போய் உக்காருங்க, சிஸ்டர் சொல்லிருக்காங்க." "ஏன், என்னையும் லைன்ல நிறுத்திற வேண்டியதுதானே?" "நிறுத்தலாம்தான். வெயில் அடிக்குதேன்னு பாத்தேன்," என்று சொல்லிப் பல் தெரியச் சிரித்தான் கிழவன். நேத்ரா சிரிக்கவில்லை. எட்டு வயசுப் பெண் இந்த மாதிரி நேரங்களில் அம்மாவின் முகத்தைப் பார்க்கவே மாட்டாள், ஷூவைப் பார்ப்பாள். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, டாட்டாகூடக் காட்டாமல், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்ற வரிசையின் கடைசியில் போய் ஒட்டிக்கொண்டாள்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்ததும் கிளார்க் ஜெசிந்தா ஒரு வெள்ளைத் தாளும், மாதிரிக்கு டைப் அடித்த தாள் ஒன்றும் கொண்டுவந்து வைத்தாள். "அதப் பாத்து அப்படியே எழுதிருங்க மேடம். கைப்பட எழுதணும், ஜெராக்ஸ் செல்லாது. அசெம்பிளி முடிஞ்சதும் சிஸ்டர் கூப்பிடுவாங்க." கைப்பட எழுதினால்தான் மண்டையில் ஏறும் என்பது சிஸ்டர் பிலோமியின் சித்தாந்தம், அனுசூயாவும் இதே சித்தாந்தத்தில் வளர்ந்தவள்தான், பத்து வருஷம் கான்வென்ட்டில் 'ஐ வில் நாட் டாக் இன் கிளாஸ்' எத்தனை நூறு எழுதியிருப்பாள், பேச்சு குறைந்ததா என்றால் இல்லை. மாதிரித் தாளைப் படித்தாள். என் மகன்/மகள் இனி வரும் நாட்களில் காலை 8.45 மணிக்கு முன்பாகப் பள்ளிக்கு வருவதற்கு நான் முழுப் பொறுப்பேற்கிறேன். இன்னும் ஒரு முறை தவறினால் மாற்றுச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறேன். இன்னும் ஒரு முறை. எழுதிக் கொடுத்தால் இன்னும் ஒரு முறை, எழுதாவிட்டால் இன்றைக்கே டி.சி. நேற்று சாயங்காலம் நேத்ரா டைரியை நீட்டியபோதே அழுதுவிட்டாள். "நாளைக்கு மட்டும் லேட்டு வேணாம்மா. அப்புறம் டி.சி. குடுத்துருவாங்களாம். ஜெனி இல்லாத ஸ்கூலுக்கு நான் போகமாட்டேன்." சரிடி, ஆகாது, நாளைக்கு எட்டு மணிக்கே கிளம்புறோம், என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள். எட்டுக்குத் தயாராகவும் இருந்தார்கள். பெண் தானே எழுந்து, தானே குளித்து, தானே சாக்ஸைத் தேடி, ஒரு அதட்டல் இல்லாமல் வாசலில் வந்து நின்றது. எட்டு ஐந்துக்கு வண்டிச் சாவி கையில். பள்ளிக்கூடம் பத்து நிமிஷத் தூரம். அப்புறம் எப்படி எட்டு ஐம்பது ஆயிற்று என்று சிஸ்டர் கேட்டால், தீப்பெட்டிக் கட்டத்தில் எழுத முடியாத அந்தக் காரணத்தை எந்த வாயால் சொல்வது.

தொட்டுப் பார்ப்பதுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை. வாசலில் செருப்பு மாட்டிய பிறகு ஒரு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள், புறங்கையால், அப்புறம் கழுத்தை, அப்புறம் உள்ளங்கையால் மறுபடி நெற்றியை, தன் கைதான் சூடோ என்று கையைக் கழுவிக்கொண்டு வந்து இன்னொரு தடவை, அதோடு போகாது, தெர்மாமீட்டர் வேண்டும், ஒரு தடவை வைத்தால் நம்பிக்கை வராது, மூன்று தடவை. புருஷன் ஞானவேல் ஏழரைக்கே மின்வாரிய ஆபீசுக்குக் கிளம்பிவிடுகிறவன், அவனுக்கு இந்தக் கூத்தெல்லாம் தெரியாது என்று நினைத்திருந்தாள், போன மாதம் ஒரு நாள் திடீரென்று, "அந்த தெர்மாமீட்டர எங்கிட்டக் குடுத்துரு அனு. இல்லன்னா எங்கூட ஒரு டாக்டரப் பாக்க வா. ரெண்டுல ஒண்ணு," என்றான். தூக்கிக் கொடுத்தாள். அரிசி டிரம்மில் ஒன்றும் பழைய கைப்பையில் ஒன்றும் இருந்தன. பைத்தியமா, இருந்துவிட்டுப் போகட்டும், பைத்தியம் பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் போனதற்கு வட்டி. இன்றைக்கு நெற்றி ஐஸ் மாதிரி இருந்தது. ஈரமாகக்கூட இருந்தது, முன்முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. மூஞ்சி கழுவினேம்மா என்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, இந்தக் குளிர்ச்சியோடு கிளம்பியிருந்தால் எட்டே காலுக்கு வந்திருக்கலாம், ஆனால் கை பழகிவிட்டது, நாக்குக்கடியில் வைத்தாள், தொண்ணூற்றாறு புள்ளி இரண்டு. இதென்ன, மனுஷ உடம்பா தவளை உடம்பா. பேட்டரி போயிருக்கும். உதறிவிட்டு அடுத்ததைத் தேடி எடுத்து வந்தாள், அரிசியைக் கிளறி, கழுவி, துடைத்து. தொண்ணூற்றேழு புள்ளி மூன்று. மறுபடி பத்து நிமிஷம் அங்கே இங்கே நடந்துவிட்டு மூன்றாவது தடவை வைத்தாள், தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. அப்பாடா. அதுதான் வேண்டியிருந்த நம்பர், அதைப் பார்த்ததும் வண்டியை எடுத்தாள். அவசரத்தில் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் தண்ணீரில் காலை வைத்து வழுக்கப் பார்த்தாள். ஃப்ரிட்ஜ் மறுபடி ஒழுகுகிறது, மெக்கானிக்கிடம் சொல்லவேண்டும், சொன்னால் அவன் புதுசு வாங்குங்க மேடம் என்பான், எல்லாருக்கும் அவளைப் பார்த்தால் இளக்காரம்.

மைதானத்தில் பிரேயர் முடிந்து யாரோ ஒரு பொடிசு மைக்கில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. வகுப்பு வகுப்பாக எல்லாரும் வேப்பமர நிழலில். லேட் வரிசை மட்டும் கொடிக்கம்பத்தருகே பட்டவர்த்தனமான வெயிலில். திருச்சி வெயிலுக்கு ஜூலை என்ன, ஜனவரி என்ன. நேத்ரா ஒன்பதாவதாக நின்றாள். நேராகத்தான் நின்றாள். கொஞ்சம் காலை மாற்றி மாற்றி நின்றாள். சாருவும் இப்படித்தான் நேராக நிற்பாள், சாருமதி, பெரியவள், ஆனால் அவள் இந்த வரிசையில் ஒரு நாள்கூட நின்றதில்லை, அவள் நின்றதெல்லாம் நிழலில், அசெம்பிளியின் முதல் வரிசையில், எட்டு இருபதுக்கே வந்து. நினைக்காதே. நினைக்காதே என்று சொன்னால் உடனே அந்தப் பெஞ்சு, அந்த ஆஸ்பத்திரி பெஞ்சும் இதே மாதிரி சிமென்ட் பெஞ்சுதான், குளிர்ந்து கிடந்தது. சாரு நாலாம் வகுப்பு, பிப்ரவரி, வெள்ளிக்கிழமை. நூற்றியொன்று. அன்றைக்கு ஒரே ஒரு தடவைதான் வைத்துப் பார்த்தாள், அதுவும் பால் பொங்குகிற அவசரத்தில். "தல வலிக்குதும்மா." "சிரப் குடிச்சிட்டுப் போ, இறங்கிரும். இன்னும் ரெண்டு மாசம்தான்டி, இவ்வளவு வந்துட்டு இப்ப விடுவியா?" எவ்வளவு வந்துவிட்டு? முழு வருகைச் சான்றிதழ். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு நாள் விடாமல் வந்த பிள்ளை, ஆண்டு விழாவில் மேடையில் கொடுப்பார்கள், கேடயம் மாதிரி ஒன்றும் கொடுப்பார்கள். பிள்ளை போனது. மறு பேச்சுப் பேசாத பிள்ளை. பெஞ்சில் தலையைக் கவிழ்த்துப் படுத்திருந்ததாம், டீச்சர் தூங்குகிறாள் என்று நினைத்தாளாம், பாவம் காய்ச்சலோடு வந்திருக்கிறாள் தூங்கட்டும் என்று இரண்டு பீரியடு விட்டுவைத்தாளாம், மதிய அட்டெண்டன்சுக்குத் தலையை நிமிர்த்திக் கையைத் தூக்கினாளாம். அதற்கப்புறம்தான் ஃபிட்ஸ். மூளைக் காய்ச்சல் என்றார் டாக்டர், "காலையிலேயே கொண்டாந்திருந்தா" என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நிறுத்தாமல் இருந்திருக்கலாம். முடிக்காத வாக்கியம் நாலு வருஷமாகக் காதுக்குள் முடியாமலே ஓடுகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாம் முடிந்தது.

முடிந்தது என்றால் பள்ளிக்கூடத்துக்கு முடியவில்லை. சனிக்கிழமை பள்ளி வேலை நாள், ஆனால் சாருமதிக்காக லீவு விட்டார்கள். திங்கட்கிழமை பெயரை அடித்துவிட்டார்கள். ஆக மொத்தம் பதிவேட்டில் சாருமதி வராத நாள் என்று ஒரு நாள்கூடக் கிடையாது. காலைக்கு ஒரு சாய்கோடு, மதியத்துக்கு எதிர்ப்பக்கமாக இன்னொரு சாய்கோடு, இரண்டும் சேர்ந்து பெருக்கல் குறி, அந்த வெள்ளிக்கிழமைக் கட்டத்திலும் முழுசாக ஒரு பெருக்கல் குறி. பதிவேட்டைப் பார்த்துப் பட்டியல் போட்ட யாரோ அந்தப் பெயரையும் எழுதி, பிரின்ட் அடித்து, லேமினேட் பண்ணி, ஏப்ரலில் சிஸ்டர் பிலோமியே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார், கண்ணில் தண்ணீரோடு, ஆறுதல் என்று நினைத்து. அனுசூயா என்ன செய்தாள்? 'தேங்க் யூ சிஸ்டர்' என்றாள். கான்வென்ட் வளர்ப்பு. எது கொடுத்தாலும் வலது கையால் வாங்கி 'தேங்க் யூ சிஸ்டர்' சொல்லவேண்டும். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கிறது, புடவையை எடுக்க முடிவதில்லை, கல்யாணம் காட்சிக்கெல்லாம் காட்டன் புடவையில் போய் நின்று, கஞ்சம் என்று பெயர் வாங்கியாயிற்று.

அவளுக்கே ஒரு மெடல் உண்டே. வெள்ளியில். நெவர் ஆப்சென்ட், நெவர் லேட். ஆறாம் வகுப்பில் ஒரு புயல் மழை, முழங்கால் தண்ணீர், அப்பா சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார், முந்நூறு பிள்ளைகளில் ஏழு பேர்தான் வந்திருந்தார்கள். மதர் சுப்பீரியர் அந்த ஏழு பேரையும் நிற்க வைத்து, சொட்டச் சொட்ட, பெயர் வாசித்து அட்டெண்டன்ஸ் எடுத்துவிட்டு, "பிரசென்ட் போட்டாச்சு. இப்ப வீட்டுக்குப் போகலாம்," என்றார். எவ்வளவு பெருமை! அந்த ஏழு பேரில் ஒருத்தி. இந்தக் கதையைச் சாருவுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் சொல்லியிருக்கிறாள், மடியில் கிடந்த நேத்ராவும் கேட்டிருக்கும், நேத்ராவுக்கென்று தனியாக அவள் சொன்னதில்லை. இல்லை, ஒருவேளை சொல்லியிருக்கிறாள். பழைய வாய், எதையாவது சொல்லிக்கொண்டேதானே இருக்கும்.

"எத்தனாவது தடவைக்கா உங்களுக்கு?" நைட்டிக்கு மேல் துப்பட்டாவைச் சுற்றிய ஒரு பெண் பெஞ்சின் மறுமுனையில் பொத்தென்று உட்கார்ந்தாள், கையில் அதே வெள்ளைத் தாள். ஒன்றாம் வகுப்பு ரோகித்தின் அம்மா, செல்வராணி, வாராவாரம் கேட்டில் பார்க்கிற முகம். "பத்து," என்றாள் அனுசூயா. "எனக்குப் பன்னெண்டு. ரெண்ட சேவியரண்ணன் விட்டுக் குடுத்துட்டாரு. நீங்க கறாரா மூஞ்சிய வச்சிருக்கீங்க, அதான் உங்களுக்கு ஒண்ணுகூட விடல." "பல்லக் காட்டிட்டு லேட்டா வர்றதுக்கு மூஞ்சியத் தூக்கிட்டு வர்றது மேல்." "அதுவும் சரிதான். பேனா இருக்காக்கா? ஆமா, இதுல மகன் மகள் ரெண்டும் போட்டுருக்கே, மகள அடிக்கணுமா மகன அடிக்கணுமா?" "வீட்டுக்குப் போய் மகன அடிங்க. இங்க மகள்ங்கற வார்த்தைய மட்டும் அடிங்க." செல்வராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அடிக்கத்தான் வேணும்க்கா அந்தப் பயல. இன்னிக்கு என்ன பண்ணான் தெரியுமா? காய்ச்சலும்மான்னு படுத்துக்கிட்டான். வச்சுப் பாத்தா நூத்தி நாலு! எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. தொட்டா ஒடம்பு ஜில்லுன்னு இருக்கு. அப்புறம் பாத்தா, நான் அந்தப் பக்கம் திரும்பினதும் டீத் தண்ணியில ஒரு மடக்கு வாயில ஊத்தி வச்சிருக்கான்! ஆறு வயசுக்கா. எங்கேருந்துதான் கத்துக்குதுகளோ."

எங்கேருந்துதான் கத்துக்குதுகளோ. அனுசூயாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் மகள் நேத்ரா, மூன்றாம் வகுப்பு பி பிரிவு, என்று எழுதினாள், இனி வரும் நாட்களில், என்று எழுதினாள், காலை 8.45, டீத் தண்ணீர் வாயில் இருந்தால் நூற்றி நாலு. பேனா நின்றது. வெந்நீர் வைத்தால் ஏறும். குளிர்ந்த தண்ணீர் வைத்தால். தொண்ணூற்றாறு புள்ளி இரண்டு. பேட்டரி இல்லை, தவளை உடம்பும் இல்லை. ஃப்ரிட்ஜ் ஒழுகவில்லை. சொல்லாமல் ஒரு நாளும் முகம் கழுவாத பெண், நாலு தடவை கத்தினால் ஒரு தடவை தண்ணீரைக் காட்டுகிற பெண், நெற்றி முடி நனைய நனைய எதற்காகக் கழுவியது? நாளைக்கு மட்டும் லேட்டு வேணாம்மா. இல்லை, சும்மா கற்பனை, ஞானவேல் சொல்கிற மாதிரி பைத்தியம், மூன்றாவது தடவை சரியாகத்தானே இருந்தது, தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு, நார்மல், நார்மலுக்கு நார்மல். தொண்ணூற்றாறு இரண்டு. தொண்ணூற்றேழு மூன்று. தொண்ணூற்றெட்டு நாலு. ஏறிக்கொண்டு போயிருக்கிறது. வாயின் குளிர்ச்சி விட விட உள்ளே இருந்தது மேலே வந்துகொண்டிருந்திருக்கிறது, அவள்தான் தனக்குப் பிடித்த நம்பர் வந்த இடத்தில் நிறுத்திக்கொண்டாள். நாலாவது தடவை வைத்திருந்தால்? நாலு வருஷமாக மூன்று தடவை வைக்கிறவள், நாலாவது தடவையும் வைத்திருக்க வேண்டிய ஒரே நாள் இது. ஈர நெற்றியைத் தொட்டுச் சந்தோஷப்பட்ட கை. இந்தக் கை. கொடிக்கம்பத்தைப் பார்த்தாள். வரிசை இல்லை. அசெம்பிளி கலைந்திருந்தது. வெயில் மட்டும் நின்றது.

எழுந்தாள். தாள் மடியிலிருந்து விழுந்தது. "அக்கா, பேனா..." என்று செல்வராணி. "மிஸஸ் ஞானவேல், சிஸ்டர் வந்துட்டாங்க, உள்ள வாங்க," என்று ஜெசிந்தா. "வர்றேன்." "மேடம், அந்தப் பக்கம் பேரன்ட்ஸ் போகக்கூடாது." "வர்றேங்கறேன்ல!" படி ஏறினாள். ஓடக்கூடாது, காரிடாரில் ஓடக்கூடாது, இடது பக்கமாக நடக்கவேண்டும், முப்பது வருஷத்துக்கு முந்தின எவளோ ஒரு மதர் அவள் கால்களை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாள், நடந்தாள், வேகமாக, செருப்புச் சத்தம் சுவரில் மோதித் திரும்பியது. ஒரு காய்ச்சல்தானே, ஊரில் இல்லாத காய்ச்சலா, சிரப் குடித்தால் இறங்கிரும், அந்தக் குரல் யாருடையது, அவளுடையதுதான், நன்றாகத் தெரிந்த குரல். மூன்று ஏ. மூன்று பி. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே டீச்சர் பதிவேட்டைப் பிரித்து வைத்துக் குனிந்தபடி நம்பர் வாசித்துக்கொண்டிருந்தாள். "ஃபோர்ட்டீன்." "பிரசென்ட் மிஸ்." "ஃபிஃப்டீன்." "பிரசென்ட் மிஸ்." நேத்ரா பத்தொன்பது. கடைசி பெஞ்சில் சுவரோரமாக. நேராகத்தான் உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையாலும் டெஸ்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கன்னம் சிவந்து, கண் டீச்சரின் பேனாவையே பார்த்துக்கொண்டு. உள்ளே போ. போய்த் தூக்கு. "சிக்ஸ்டீன்." அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது வாசலில் நிற்கவேண்டும், குறுக்கே போகக்கூடாது. "செவன்டீன்." இன்னும் இரண்டே நம்பர்தான், இரண்டு நம்பருக்குள் என்ன ஆகிவிடும், இவ்வளவு வந்துவிட்டு. "எய்ட்டீன்... எய்ட்டீன்? ஆப்சென்ட்." பேனாவை மாற்றிச் சிவப்பில் ஏதோ போட்டு, மறுபடி நீலத்தை எடுத்து. அனுசூயா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றாள் என்பது அப்புறம்தான் அவளுக்கே உறைத்தது, அவள் நின்றுகொண்டிருந்தாள், காத்துக்கொண்டிருந்தாள். "நைன்டீன்." "பிரசென்ட் மிஸ்." கீச்சென்ற குரல், கை மேலே போய்க் கீழே வந்தது, கூடவே தலையும் டெஸ்கில் இறங்கியது.

என்ன மேடம், யாரு நீங்க, என்று டீச்சர் கேட்டது காதில் விழுந்தது. பெஞ்சுகளுக்கு நடுவே இடித்துக்கொண்டு போனாள், யாருடைய வாட்டர் பாட்டிலோ உருண்டது. நெற்றியில் கையை வைத்தாள், புறங்கை, உள்ளங்கை எதுவும் தேவைப்படவில்லை, வைக்கும் முன்பே சூடு எட்டிப் பிடித்தது. பிள்ளையை வாரித் தோளில் போட்டாள். கைக்குட்டை ஒன்று, கசக்கிப் பிழிந்து, ஈரமாக, பினஃபோர் பையிலிருந்து தரையில் விழுந்தது. நேத்ரா கண்ணைத் திறந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், ஷூவைப் பார்க்கவில்லை, முகத்தையேதான் பார்த்தாள், பயப்படவும் இல்லை. எல்லாவற்றையும் சரியாகச் செய்து முடித்துவிட்ட பெண்ணாய், காதோரம் சுடச்சுடச் சொன்னாள்:

"பிரசென்ட் போட்டாச்சும்மா. இப்ப வீட்டுக்குப் போகலாம்."